பச்சை வாசனை போகும் வரை

எங்கள் தெருவில் மஞ்சள் காமாலைக்கு இரண்டு பெயர். எங்கள் வீட்டில் அது மஞ்சள் காமாலை. பக்கத்து வீட்டுப் பெத்தம்மா அதையே ‘பச்ச காமெர்லு’ என்பார். நோயாளி ஒருவர்தான், கண்ணில் ஏறியிருக்கும் நிறமும் ஒன்றுதான். ரத்தத்தில் பிலிருபின் கூடிப்போனால் கண்ணின் வெள்ளை நிறம் மாறுகிறது என்று டாக்டர் சொல்வதும் இருவருக்கும் பொது. அந்த நிறத்தைத்தான் நாங்கள் மஞ்சள் என்கிறோம், அவர்கள் பச்சை என்கிறார்கள்.

நகரியில் பிறந்தவர்களுக்கு இது சின்ன வயதிலேயே பழகிவிடும். திருத்தணியிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆந்திர எல்லை, தாண்டியதும் எங்கள் ஊர். நெசவுத் தெருக்களில் வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் தெலுங்கு. ரேஷன் கார்டு, பஸ் போர்டு, பள்ளிக்கூடம், போலீஸ் ஸ்டேஷன் எல்லாமே தெலுங்கு. இரண்டு மொழியும் நாள் முழுக்க ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும் ஊரில் வளர்ந்தால், பிறந்ததிலிருந்து பேசிவரும் ஒரு சாதாரணச் சொல் திடீரென்று புதிதாகக் கேட்கும். எனக்கு அப்படிக் கேட்ட சொல் பச்சை. அதை நிறத்தின் பெயர் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நிறம் அதன் பல வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

பழமொழிகூட எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றே. ‘காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘பச்ச காமெர்ல வாடிகி லோகமந்தா பச்சகா கனபடுதுந்தி’ என்பார்கள். தமிழ்க் காதோடு கேட்டால், காமாலை வந்தவனுக்கு உலகமே நடவு முடிந்த வயல் மாதிரி பச்சைப்பசேலென்று தெரிகிறது போலிருக்கும். தெலுங்கில் ‘பச்ச’ என்றால் மஞ்சளும் உண்டு, பச்சையும் உண்டு. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மஞ்சளை ‘பசுபு பச்ச’ என்பார்கள், பச்சையை ‘ஆகு பச்ச’ என்பார்கள். ஒன்று மஞ்சள்கிழங்கின் பச்சை, மற்றது இலையின் பச்சை. அந்தப் ‘பசுபு’ என்ற சொல்லுக்கும் வேர் இதுவே. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் நம்முடைய பசுமை, பச்சை, பாசி, பசலை எல்லாம் தெலுங்கின் பச்ச, பச்சி, பசரு, பசுபு ஆகியவற்றோடு ஒரே பதிவில் நிற்கின்றன. (பசுமாட்டின் பசு வேறு. அது வடமொழியிலிருந்து வந்தது, இந்தக் குடும்பத்தோடு உறவில்லை.)

தறிக்காரர்களுக்கு இந்த விஷயம் அகராதியோடு நிற்பதில்லை. திருப்பதிப் பக்கத்து வியாபாரி போனில் ‘பச்ச சீரலு காவாலி’ (பச்ச சேலை வேண்டும்) என்றால், நைனா, அதாவது என் அப்பா, உடனே ‘ஆகா, பசுபா?’ என்று கேட்டுவிடுவார். இலையா, மஞ்சளா என்று தெரியாமல் நூல் வாங்கினால் பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல், முழுக்க வீண். ‘ஆகு’ என்று பதில் வந்தாலும் கேள்வி முடியாது. கிளிப்பச்சையா, பாட்டில் பச்சையா, பாசிப்பச்சையா, வாழைக்குருத்தா? பாவு ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடை இன்னொரு நிறமுமாகப் போட்டு, பச்சையும் நீலமும் மாறி மாறி அடிக்கும் மயில்கழுத்தா? நூலைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துத்தான் நைனா முடிவு சொல்வார். டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சையை நம்பக் கூடாது என்பது அவர் கணக்கு.

ரசாயனச் சாயம் வருவதற்கு முந்தின சாயக்காரர்களுக்கு பச்சை ஒரே முக்கில் கிடைக்கிற நிறமாக இருக்கவில்லை. செடிச் சாயங்களில் நல்ல மஞ்சள் கிடைக்கும், அவுரியிலிருந்து நல்ல நீலம் கிடைக்கும். துவைத்தாலும் வெயில் பட்டாலும் போகாத பச்சை வேண்டுமென்றால் நூலை மஞ்சளிலும் அவுரியிலும் ஒன்றன்பின் ஒன்றாக முக்கி எடுக்க வேண்டும். இலையிலும் புல்லிலும் கண்கொள்ளாமல் கொட்டிக் கிடக்கிற நிறம் சாயத்தொட்டியில் மட்டும் தனியாகச் சிக்கவில்லை. பச்சைக்குள் மஞ்சள் இருப்பதைத் தெலுங்குச் சொல் மறக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். இது என் நினைப்பு, மொழியியல் இல்லை.

பண்டிகை நாளில் பெத்தம்மா வீட்டு வாசலைப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருப்பார்கள். மேலே மாவிலைத் தோரணம். காலடியில் இருப்பதும் பச்ச, தலைக்கு மேல் இருப்பதும் பச்ச. கல்யாணமானவர்கள் காலில் விழுந்தால் ‘நூரேள்ளு பச்சகா உண்டாலி’ என்று வாழ்த்துவார். நூறு வருஷம் பச்சையாக இருக்க வேண்டும். இதில் எந்தப் பச்ச, மஞ்சளா இலையா என்று ஒருமுறை கேட்டேன். ‘அதென்ன கேள்வி நாயனா, வாடாம இருக்கணும்’ என்றார். தெலுங்கில் நினைத்துத் தமிழில் சொன்ன பதில்.

தமிழுக்கு இந்த மஞ்சள் பக்கம் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பசும்பொன் என்கிறோமே, எந்தப் பொன் இலை நிறத்தில் இருக்கிறது? சங்கப் பாட்டில் தலைவி மேனியில் படரும் பசலைக்கு உரைகாரர்கள் பொன்னிறம் சொல்வார்கள், பீர்க்கம்பூவை உவமையாகக் காட்டுவார்கள். குறுந்தொகையின் 399ஆம் பாட்டில் பரணர் அந்தப் பசலையைக் கேணித் துறையில் படிந்த பாசியோடு சேர்த்து வைக்கிறார். தண்ணீர் எடுக்கக் கை வைக்கிற இடத்தில் பாசி விலகும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். காதலன் தொடும்போது தொடும்போது பசலை நீங்குகிறது, விடும்போது விடும்போது பரவுகிறது. பாசி, பசலை இரண்டும் ஒரு வேரில் பிறந்த சொற்கள். ஒன்று பச்சை, ஒன்று வெளிறிய மஞ்சள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின தமிழிலும் ‘பச்ச’ இரண்டு நிறத்தையும் சுமந்திருக்கிறது. பிறகு எப்போதோ நாம் மஞ்சள் கிழங்கின் பெயரை நிறத்துக்குக் கொடுத்துவிட்டு, பச்சையை இலைக்கு ஒதுக்கிவிட்டோம்.

ஆனால் அடுப்படியில் அந்த ஒதுக்கீடு செல்லாது.

பச்சைப் பால் வெள்ளை. பச்சை முட்டைக்குள் மஞ்சள் கரு. சாமிக்கு வெட்டிய கிடாயின் பச்சை ரத்தம் சிவப்பு. எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் மண்ணோடு பிடுங்கி வந்த வேர்க்கடலையைப் பச்சைக் கடலை என்போம். ஓடு மண் நிறம், பருப்பு ரோஸ் நிறம். பொங்கல் பானையில் கட்டுகிற கிழங்கு பச்சை மஞ்சள். ஒரு நிறத்தின் பெயரை இன்னொரு நிறத்தின் பெயருக்கு முன்னால் ஒட்டிவைத்துச் சொல்கிறோம், ஒரு தமிழருக்கும் அது முரணாகப் படுவதில்லை. காயவில்லை, வேகவில்லை, மண்ணிலிருந்து வந்த ஈரம் இன்னும் இருக்கிறது என்பதுதான் அங்கே பொருள். தெலுங்கு இதற்காகச் சொல்லை லேசாகத் திருகி ‘பச்சி’ ஆக்கிக்கொண்டது. பச்சி பாலு, பச்சி மிரபகாய, பச்சி புலுசு. நாம் திருகவில்லை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எது நிறம், எது ஈரம் என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம்.

பச்சைக் கற்பூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும். திருமலையில் மூலவரின் முகவாயில் சாத்துவது அதுதான், லட்டிலும் தீர்த்தத்திலும் மணப்பதும் அதுதான். நாம் ஏற்றுகிற சூடம் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது, வாயில் போடக் கூடாதது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

சமையல் சொல்லிக்கொடுக்கிற தமிழ்ப் பெண்கள் எல்லாரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: ‘பச்சை வாசனை போற வரைக்கும் வதக்கு.’ தெலுங்கிலும் எழுத்துக்கு எழுத்து அதுவே, ‘பச்சி வாசன போயேவரகு’. எத்தனை நிமிஷம், எவ்வளவு தீ என்ற கணக்கு இல்லை. மூக்குதான் கடிகாரம். இஞ்சி பூண்டு விழுதின் பச்சை வாசனை கூர்மையானது, எண்ணெய் பிரியும்போது அடங்கும். மல்லித்தூளின் பச்சை வாசனை புல் மாதிரி. புளிக்கரைசலுக்கு ஒன்று, அரிசி மாவுக்கு ஒன்று. கடலை மாவின் பச்சை வாசனை இருக்கிறதே, அதைப் போக்காமல் யார் என்ன செய்தாலும் பண்டம் தேறாது. அம்மா கரண்டியைத் தூக்கி, ஆவியை முகத்துப் பக்கம் கையால் தள்ளி, ஒரு மூச்சு இழுப்பார். ‘இன்னும் இருக்கு’ என்பார், அல்லது அடுத்த சாமானைப் போடுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது தீர்ப்பு கிடையாது.

இந்த வாசனைக்குப் பச்சை என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது வேதியியல் படித்த பிறகுதான் தெரிந்தது. புல்லை வெட்டியதும் குப்பென்று வருகிற மணம் ஹெக்ஸினால் என்ற பொருளால் வருவது. இலை நசுங்கும்போது அதிலுள்ள லிப்பாக்சிஜினேஸ் என்ற நொதி கொழுப்பு அமிலத்தைத் தொடுகிறது, அதன் தொடர்ச்சியாக இந்த மணம் உண்டாகிறது. பருப்பையும் பயற்றையும் அரைக்கும்போதும் அதே நொதி வேலை செய்கிறது. அங்கே உண்டாவது ஹெக்ஸனால், முதலாவதற்கு நெருங்கிய உறவு. சூடு பட்டால் நொதி செத்துவிடும், எளிதில் ஆவியாகிற மணங்களும் பறந்துவிடும். வெட்டிய புல்லின் வாசனையும் வறுக்காத கடலை மாவின் வாசனையும் ஒரே குடும்பம் என்பதை ஆய்வுக்கூடம் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே, இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் அடுப்பு முன் உட்கார்ந்திருந்த பெண்கள். எந்தப் புலவருக்கும் குறையாத கவனம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

அரிசியிலும் பச்சை பெரிய விஷயம். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்தினால் புழுங்கல். அவிக்காமல் குத்தினால் பச்சரிசி. சாமிக்குப் பச்சரிசிதான், புழுங்கல் ஒருமுறை அடுப்பைப் பார்த்துவிட்டது என்பது காரணம். எல்லைக்குத் தெற்கே அன்றாடச் சோறும் இட்லியும் புழுங்கலில், வடக்கே போகப் போகப் பச்சரிசிச் சோறு. எங்கள் ஊரில் இரண்டும் கிடைக்கும், ராகிச் சங்கடியும் கிடைக்கும். இந்த வித்தியாசத்துக்குள் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு கதை இருக்கிறது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும். பச்சரிசியை மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். அந்த வைட்டமின் குறைந்தால் வருவது பெரிபெரி. பழைய மதராஸ் மாகாணத்தில் அந்த நோய் பச்சரிசி உண்ட வட சர்க்கார் என்ற ஆந்திரக் கடலோரப் பகுதியில் வேரூன்றியிருந்தது. உணவுச் சத்துகளை ஆராய்ந்த மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் 1920களில் குன்னூரில் இருந்துகொண்டு அதை ஆராய்ந்தார். அவிக்காத அரிசிக்குப் பச்சை என்று தனிப்பெயர் கொடுத்துப் பிரித்து வைத்ததன் பின்னால் எவ்வளவு பெரிய வேறுபாடு இருந்திருக்கிறது பாருங்கள்.

பச்சடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நமக்கு அது தயிரில் போட்ட வெங்காயம், அல்லது சித்திரை முதல் நாளில் வெல்லம் போட்ட மாங்காய். அவர்களுக்கு அது சோற்றில் பிசைந்து உண்ணும் காரமான துவையல். உகாதிக்கு ஒன்று, தமிழ் வருஷப்பிறப்புக்கு ஒன்று என்று எங்கள் வீட்டில் இரண்டு பச்சடி நடக்கும், இரண்டிலும் வேப்பம்பூ விழும்.

ஆயாவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை. புள்ளிக் கோலம், ஒரு தேள், கல்யாணத்துக்கு அப்புறம் குத்திய தாத்தாவின் பெயரின் முதல் எழுத்து. தெலுங்கில் இதற்குப் பெயர் பச்ச பொட்டு. குத்துகிறவள் மை செய்ததை ஆயா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மஞ்சளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, துணியில் வைத்துத் திரியாக முறுக்கி, விளக்கெண்ணெயில் எரிய விடுவாள். மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து அதில் படிகிற கரியை வழித்துத் தாய்ப்பாலில் குழைப்பாள். ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவாள். மஞ்சளும் கீரையும் எரிந்து வந்தது கன்னங்கரேல் என்ற கரிதான். தோலுக்கு அடியில் போய் உட்கார்ந்ததும் ஒளி சிதறுவதால் அந்தக் கறுப்பு நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. ஆயா சொல்வார்: ‘நகை நட்டெல்லாம் கழட்டிக்குவாங்க. இது மட்டும்தான் என்கூட வரும்.’ அப்படியே ஆனது. கழுத்திலிருந்ததைக் கழற்றினார்கள், கையிலிருந்தது போனது அவரோடு.

புத்தூர்க் கட்டும் இதே சொல்லில்தான் நிற்கிறது. எலும்பு முறிந்தால் கட்டுப் போட வெளியூர்களிலிருந்தெல்லாம் எங்கள் பக்கத்துப் புத்தூருக்கு ஆட்கள் வருவார்கள். பல ஊர்களில் ‘புத்தூர்க் கட்டு’ என்று பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், பெயர் இங்கிருந்து போனதுதான். இலையை இடித்துப் பிழிந்த சாறு, முட்டை வெள்ளை, மூங்கில் சிம்பு, துணி. அந்தச் சாற்றுக்குத் தெலுங்கில் பசரு. நாம் பச்சிலை என்கிறோம். இன்றைக்கு எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் எந்தக் கட்டும் போடக் கூடாது என்பேன். ஆனால் பசரு என்ற சொல்லை விட எனக்கு மனசு வராது.

பேச்சுக்கு வந்தால் பச்சைக்கு இன்னொரு முகம். பச்சைப் பொய், பச்சைத் துரோகம், பச்சை பச்சையாகத் திட்டினான். இந்த இடங்களில் தெலுங்கும் நம்மோடு சேர்ந்தே வருகிறது: பச்சி அபத்தம், பச்சி மோசம், பச்சி பூதுலு. மலையாளிகள் பச்சக் கள்ளம் என்பார்கள். எந்த மசாலாவும் சேர்க்காமல், வேகவைக்காமல், அப்படியே தூக்கி வைத்த பொய். கலப்பு இல்லாதது என்ற பொருள் நல்ல பக்கமும் திரும்பும். காமராஜர் 1954இல் முதலமைச்சரானபோது பெரியார் அவரைப் பச்சைத் தமிழர் என்றார். மலையாளத்திலும் வடமொழி கலக்காத நடைக்குப் பச்ச மலையாளம் என்று பெயர். தெலுங்கு மட்டும் இந்த இடத்தில் விலகி ‘அச்ச தெலுகு’ என்று வேறு சொல்லைத் தேடிக்கொண்டது.

பச்சைத் தமிழர் என்ற அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் லேசாகச் சொன்னதில்லை. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி.யும் தமிழறிஞர் மங்கலங்கிழாரும் தமிழ்நாட்டின் வடக்கெல்லைக்காக அலைந்ததும், பிறகு படாஸ்கர் நடுவராக இருந்து பேசி முடித்ததும் வரலாறு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது, நகரி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. தாத்தாவின் தங்கை குடும்பம் தமிழ்நாட்டில், தாத்தா ஆந்திராவில். நைனாவிடம் ‘நாம பச்சைத் தமிழரா?’ என்று யாராவது கேட்டால், ‘தறிக்கு முன்னாடி உக்காந்து என்ன பேசுறோமோ அதுதான் நாம’ என்பார். வியாபாரியிடம் தெலுங்கு பேசுவதால் தன் தமிழில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அவர் நினைத்ததே இல்லை. நானும் நினைக்கவில்லை. கலப்பு இல்லாததுதான் உயர்ந்தது என்றால் மயில்கழுத்துச் சேலையை நாங்கள் நெய்யவே கூடாது.

ஆகாத இரண்டு பேரைப் பற்றித் தெலுங்கில் ஒன்று சொல்வார்கள்: அவர்களுக்கு நடுவில் பச்சைப் புல்லைப் போட்டால்கூடப் பற்றி எரியும். பச்சை என்றாலே எரியாதது. ஈர விறகை ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புகைதான் வரும். அதுவே பற்றிக்கொள்கிறது என்றால் பகை எவ்வளவு இருக்க வேண்டும்! சம்பந்தி வீட்டுச் சண்டையைச் சொல்லப் பெத்தம்மா இதை எடுப்பார். தமிழில் இதற்கு ஈடாக ஒன்று எனக்குத் தோன்றவில்லை, அதனால் அதையே தமிழாக்கி எங்கள் வீட்டில் சொல்லிக்கொள்கிறோம்.

குழந்தையைப் ‘பச்சை மண்ணு’ என்கிறோம். குயவர் சக்கரத்திலிருந்து எடுத்து, சூளையில் வைக்காத பானை. விரல் பட்டால் பள்ளம் விழும், மழை பட்டால் கரையும். ‘பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா?’ என்ற கேள்வியும் அந்தச் சூளையிலிருந்து வந்ததுதான். குழந்தை பச்சை மண் என்றால் பெற்றவள் பச்சை உடம்புக்காரி. தெலுங்கில் பச்சி பாலிந்த. நான் இந்தச் சொல்லின் எல்லாப் பொருளையும் சுற்றி வந்து கடைசியில் நிற்கிற இடம் இது. பச்சை உடம்பு என்று சொன்னவர்கள் பலவீனம் என்று சொல்லவில்லை, நோய் என்றும் சொல்லவில்லை. உள்ளே புண் ஆறிக்கொண்டிருக்கிறது, தொடாதே என்றார்கள். விரிந்த கருப்பை பழைய அளவுக்குத் திரும்ப ஏறக்குறைய 6 வாரம் ஆகும் என்று மருத்துவம் சொல்கிறது. நம் பெண்கள் வைத்த கணக்கு 40 நாள். 1961இல் வந்த மகப்பேறு நலச் சட்டம் பிரசவம் முடிந்து 6 வாரத்துக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கவே கூடாது என்றது. 2017இல் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. அடுப்படியும் ஆஸ்பத்திரியும் சட்டமும் ஒரே கணக்கில் வந்து நிற்கிற அபூர்வமான இடம் இது.

சின்ன விசைத்தறிக் கூடங்கள் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. நாலைந்து பேர், ஒரு ஷெட், கூலி மீட்டர் கணக்கு. என் அக்கா பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆவதற்குள் தார் சுற்ற, அதாவது தறிக்கு ஊடை நூல் சுற்றப் போனாள். போகாவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அக்கா வீட்டில் சொல்லவில்லை. பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெத்தம்மா செருப்புகூடப் போடாமல் கிளம்பிவிட்டார். தறிச் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும், கத்தினார்: ‘பச்சி பாலிந்தரா அதி! நிலபெடதாவா?’ அவளை நிற்கவைக்கிறாயா என்றார். முதலாளிக்குத் தமிழும் தெரியும், தெலுங்கும் தெரியும். பேசாமல் மோட்டாரை நிறுத்தினார்.

கூலியோடு விடுப்பு என்று எதுவும் வரவில்லை. அந்த மாதமெல்லாம் அக்காவின் முறைக்கு அம்மா காலையிலும் நான் சாயங்காலத்திலும் போய்த் தார் சுற்றினோம், கூலி அக்கா பெயரில் ஏறியது. நடுவில் விட்ட மதியத்தைப் பெத்தம்மாவின் மருமகள் பார்த்துக்கொண்டாள்.